ஒரே பார், வேறு வேறு ஆண்கள்: பழைய ஜெர்மன் உடற்பயிற்சிச் சங்கங்களை வாசிக்கும் முறை

நம் பள்ளி மைதானங்களிலும் பூங்காக்களிலும் நிற்கும் பாரலல் பார் பெர்லினில் பிறந்த கருவி. ஃபிரீட்ரிஷ் லூட்விக் யான் 1811-இல் நகருக்கு வெளியே ஹாஸன்ஹைடே என்ற இடத்தில் ஒரு பயிற்சித் திடலைத் திறந்தார். மரக்குதிரையில் தாவுவதற்குத் தோளும் கையும் வலுப்பெற வேண்டும் என்பதற்காக, தொடக்க ஆண்டுகளிலேயே இந்தக் கருவி அங்கே வந்துவிட்டது. அடுத்த 120 ஆண்டுகளில் இதே இரண்டு மரத்தண்டுகளின் நடுவே பேராசிரியரின் மகன் ஊசலாடினான், தச்சர் ஊசலாடினார், சோஷலிஸ்ட் வார்ப்பாலைத் தொழிலாளியும் ஊசலாடினார். மூவருக்கும் வேலை செய்த தசைகள் ஒன்றுதான். யாரோடு சேர்ந்து ஆடினார்கள், எந்தக் கிழமையில் ஆடினார்கள், யாரை உள்ளே விடவில்லை என்பவைதான் மாறின. வர்க்கமும் ஆண்மையும் அந்த வேறுபாடுகளில்தான் பதிவாகியிருக்கின்றன.

பழைய ஜெர்மன் சங்கம் ஒன்றின் புகைப்படம், விதிமுறைப் புத்தகம், உறுப்பினர் பட்டியல், பொன்விழா மலர் போன்றவை கையில் கிடைத்தால் அவற்றை எப்படி வாசிப்பது என்பதை இங்கே பார்க்கலாம். வரலாறு படிக்கும் மாணவர்களுக்கும், ஜெர்மனிலிருந்து மொழிபெயர்ப்பவர்களுக்கும், விளையாட்டு வரலாறு எழுதுபவர்களுக்கும் இது பயன்படும்.

தொடங்கும் முன்

முதல் தடை எழுத்து. 1940-க்கு முந்தைய அச்சில் பெரும்பகுதி ஃபிராக்டூர் என்ற கோண எழுத்தில் இருக்கும். அதில் சொல்லின் நடுவில் வரும் நீண்ட 'எஸ்' கிட்டத்தட்ட 'எஃப்' போலவே தெரியும். 'ஐ', 'ஜே' இரண்டின் பேரெழுத்துகளும் ஒரே வடிவம். கணினி வருடிய பிரதிகளில் தேடும்போது சரியான எழுத்துக்கூட்டலை மட்டும் இட்டால் பாதிப் பக்கங்கள் தப்பிவிடும். 'எஸ்' வரும் இடத்தில் 'எஃப்' போட்டு இன்னொரு முறையும் தேடுங்கள்.

இரண்டாவது தேவை, அந்த ஊரின் முகவரிப் புத்தகம். 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் நகரங்கள் வீட்டுக்காரரின் பெயர், தொழில், தெரு மூன்றையும் அச்சிட்டு வெளியிட்டன. அவற்றில் பல இப்போது நூலக இணையதளங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. உறுப்பினர் பட்டியலில் வெறும் பெயர்கள் மட்டும் இருந்தால் உங்களைக் காப்பாற்றுவது இந்தப் புத்தகம்தான்.

மூன்றாவது, ஒரு சொல். 'டுர்னென்' என்பதை 'ஜிம்னாஸ்டிக்ஸ்' என்று மொழிபெயர்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். யான் அதைப் பழைய ஜெர்மானிய வேர்ச்சொல் என்று நம்பி எடுத்தார். உண்மையில் அதன் வேர் லத்தீன். அவருடைய டுர்னெனில் ஓட்டம், தாவல், ஏற்றம், மல்யுத்தம், எறிதல், நெடுநடை எல்லாம் அடக்கம். நூறு ஆண்டுகள் கழித்து 'ஸ்போர்ட்' என்ற ஆங்கிலேயச் சரக்குக்கு எதிர்ச்சொல்லாகவே 'டுர்னென்' நின்றது. தமிழில் எழுதும்போது 'டுர்னென்' என்றே வைத்து, ஒருமுறை விளக்கிவிடுவது நல்லது.

ஆண்டை முதலில் நிறுத்துங்கள்

எந்த ஆவணமாக இருந்தாலும் அது எந்தக் காலப்பகுதியில் விழுகிறது என்று பார்க்காமல் அடுத்த அடி வைக்காதீர்கள். ஒரே வாசகம் 1815-இல் அரசுக்கு எதிரான குரல். 1885-இல் அதுவே அரசின் குரல்.

குட்ஸ்மூட்ஸ் 1793-இல் இளைஞர்களுக்கான உடற்பயிற்சி நூலை வெளியிட்டபோது அவர் ஷ்னெப்ஃபென்டால் பள்ளியில் ஆசிரியர். படித்த நடுத்தர வர்க்கம், அரண்மனைப் பழக்கங்களில் மெலிந்துபோன உடலுக்கு மாற்றாக உழைப்புக்குப் பயன்படும் உடலைத் தேடிய காலம் அது. 1806-இல் பிரஷ்யா யேனாவில் நெப்போலியனிடம் தோற்றது. அந்தத் தோல்வியின் மீதுதான் யான் தன் திடலைக் கட்டினார். 1819 மார்ச்சில் கார்ல் ஸாண்ட் என்ற மாணவர், டுர்னராகவும் (டுர்னென் பயில்பவர்) இருந்தவர், எழுத்தாளர் கோட்ஸெபுவைக் கொன்றார். அதன் பின் மாணவர் சங்கங்களையும் பத்திரிகைகளையும் ஒடுக்கிய கார்ல்ஸ்பாட் ஆணைகள் வந்தன, யான் கைதானார், 1820 முதல் 1842 வரை பிரஷ்யாவில் பொதுத் திடல்களுக்குத் தடை. 1842-இல் அரசர் உடற்பயிற்சியை ஆண்பிள்ளைக் கல்வியின் இன்றியமையாத பகுதி என்று ஏற்ற பிறகு சங்கங்கள் பெருகின. 1848–49 புரட்சியில் பல சங்கங்கள் ஆயுதம் எடுத்தன. ஹானாவ் நகரத்து டுர்னர்கள் சில நூறு பேர் பாடன் புரட்சிப் படைக்கே அணிவகுத்துச் சென்றார்கள். தோற்றவர்களில் பலர் அமெரிக்கா போய் அங்கே சங்கம் வைத்தார்கள். 1860-இல் கோபுர்கில் முதல் தேசியப் பெருவிழா, 1868-இல் 'டாய்ட்ஷ டுர்னர்ஷாஃப்ட்' என்ற பேரமைப்பு, 1871-இல் பேரரசு. 1878–1890 சோஷலிஸ்டுகளுக்கு எதிரான சட்டம். அது காலாவதியான மூன்றாம் ஆண்டு, 1893-இல் கேரா நகரத்தில் தொழிலாளர் டுர்னர் சங்கம் தனியாகப் பிறந்தது. 1918 நவம்பரில் எட்டு மணி நேர வேலை நாள். 1933-இல் தொழிலாளர் சங்கங்கள் கலைக்கப்பட்டன, மற்றவை நாஜி ஆட்சியின் பிடிக்குள் வந்தன.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, சங்கத்தின் பெயரிலுள்ள ஆண்டைப் பிறந்த ஆண்டாக எடுத்துக்கொள்வது. மியூனிக்கின் 'டிஎஸ்வி 1860' முதலில் தோன்றியது 1848-இல். குடியரசு அரசியலுக்காக அடுத்த ஆண்டே தடைசெய்யப்பட்டது. 1860-இல் மறுபடி நிறுவப்பட்டது. ஆகவே அந்த எண்ணில் ஒரு தோல்வி மறைந்திருக்கிறது. மாறாக, 'ஃபௌஎஃப்எல் போஹும் 1848' என்ற பெயர் அங்கிருந்த பழைய டுர்னர் சங்கத்தின் ஆண்டைத் தாங்கியிருந்தாலும், இன்றைய சங்கம் 1938-இல் நாஜி ஆட்சியின்போது மூன்று சங்கங்களை ஒன்றாக்கி உருவானது. ஆண்டு எண்ணைப் பார்த்ததும் 'எப்போது தடைபட்டது, எப்போது இணைக்கப்பட்டது' என்ற இரண்டையும் தேடிவிடுங்கள்.

பெயர், வணக்கம், சின்னம்

இது சுலபமான கட்டம், ஆனால் தவறவிடக் கூடாதது. நான்கு 'எஃப்' எழுத்துகள் சிலுவை வடிவில் சேர்ந்திருந்தால் அது நடுத்தர வர்க்கத் தலைமையிலான தேசியச் சங்கம். ஃபிரிஷ், ஃபுரோம், ஃபுரோலிஷ், ஃபிராய் என்பவை அந்த நான்கு சொற்கள்: புத்துணர்வு, பக்தி, மகிழ்ச்சி, சுதந்திரம். தொழிலாளர் சங்கம் அந்த வரியில் பக்தியையும் மகிழ்ச்சியையும் நீக்கி, 'ஃபிரிஷ், ஃபிராய், ஷ்டார்க், டிராய்' என்றது. ஷ்டார்க் என்றால் வலிமை, டிராய் என்றால் விசுவாசம், அதாவது இயக்கத்துக்கு விசுவாசம். தேசியச் சங்கத்தினர் 'குட் ஹைல்' என்று வாழ்த்திக்கொண்டார்கள். தொழிலாளர்கள் 'ஃபிராய் ஹைல்' என்றார்கள். தொழிலாளர் சைக்கிள் சங்கத்தில் 'ஃபிரிஷ் ஆவுஃப்', மலையேறும் தொழிலாளர்களின் 'இயற்கை நண்பர்கள்' அமைப்பில் 'பெர்க் ஃபிராய்'. ஒரு தபால் அட்டையின் கடைசி வரியில் இந்த வாழ்த்து இருந்தால் எழுதியவர் எந்த முகாம் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

'ஹைல்' என்ற சொல்லைக் கண்டதும் நாஜி என்று குறிக்காதீர்கள். டுர்னர்கள் அதைப் பல பத்தாண்டுகள் முன்பே பயன்படுத்தினார்கள், சோஷலிஸ்டுகள் உட்பட.

'மென்னர்டுர்ன்ஃபெராய்ன்', அதாவது ஆண்கள் சங்கம் என்ற பெயர் 1840-களில் பரவியது. 'பெண்களுக்கு இடமில்லை' என்ற அறிவிப்பாக இதை வாசிப்பது இயல்புதான், ஆனால் பொருள் வேறு. பள்ளிப் பையன்களின் பயிற்சியிலிருந்து பிரித்துக் காட்ட, வளர்ந்த ஆண்களின் சங்கம் என்று சொன்னார்கள். பெண்களை விலக்க வேண்டும் என்ற எண்ணமே அங்கே எழவில்லை. அந்த அளவுக்கு அவர்கள் கணக்கில் இல்லை. ஆண்மை பற்றிய சான்று என்ற வகையில் இது தடைப் பலகையைவிடக் கனமானது.

நேரத்தை வாசியுங்கள்

கொள்கை அறிக்கையைவிடப் பயிற்சி நேர அட்டவணை அதிகம் பேசும். ஹாஸன்ஹைடேயில் யான் எல்லோரையும் வரவேற்றார். எல்லோரும் ஒருவரையொருவர் 'டு', அதாவது 'நீ' என்றே அழைக்க வேண்டும். பட்டம், பதவி இல்லை. வெளுக்காத சாம்பல் நிற லினன் துணியில் ஒரே மாதிரிச் சட்டையும் காற்சட்டையும். மலிவானது, கிழியாதது, பணக்கார வீட்டுப் பையனையும் ஏழை வீட்டுப் பையனையும் ஒன்றாகக் காட்டுவது. அந்தக் காலத்துப் பிரஷ்யாவில் இது சாதாரண விஷயமே இல்லை. மேலதிகாரியின் மகனை ஒரு பையன் 'நீ' என்று கூப்பிடும் இடம் வேறெங்கும் கிடையாது.

இப்போது நேரத்தைப் பாருங்கள்: புதன், சனி பிற்பகல்கள். அவை உயர்நிலைப் பள்ளிகளுக்கு வகுப்பு இல்லாத பிற்பகல்கள். பட்டறையில் வேலை பழகும் பையனுக்குப் புதன் பிற்பகலில் விடுப்பு ஏது? கதவு திறந்திருந்தது, வரக்கூடிய நேரம்தான் சிலருக்கு மட்டும் இருந்தது. ஆகவே ஒரு சங்கத்தின் சமத்துவ அறிவிப்பைப் படித்ததும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு? அந்த ஊரில் அந்த நேரத்தில் யார் வேலையில் இருந்தார்கள்? உடையும் கட்டணமும் எவ்வளவு, தவணையில் கட்டலாமா?

நூற்றாண்டின் பிற்பகுதிச் சங்கங்களில் பயிற்சி இரவு எட்டு மணிக்கு மேல் தொடங்கினால் வேலைக்குப் போகிறவர்களுக்கான சங்கம் என்று கொள்ளலாம். பிற்பகல் என்றால் மாணவர்கள் அல்லது வசதியானவர்கள். வாராந்தரக் கட்டணம் கூலித் தொழிலாளியைக் காட்டும்; ஆண்டுக் கட்டணம் சம்பளக்காரரை. இதை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாது, அடுத்த கட்டத்தோடு ஒப்பிட வேண்டும்.

இடத்தையும் பாருங்கள். பள்ளிக்கூட உடற்பயிற்சி மண்டபத்தில் நடந்ததா, மதுக்கடையின் பின்கூடத்தில் நடந்ததா? தொழிலாளர் சங்கங்களுக்குப் பல நகராட்சிகள் பள்ளி மண்டபத்தைத் தர மறுத்தன. மதுக்கடைக் கூடத்தில் கருவிகளை ஒவ்வொரு முறையும் எடுத்து வைத்து அகற்ற வேண்டும். கூரை தாழ்ந்திருந்தால் உயரப் பாரில் முழுச் சுற்று போட முடியாது. அதனால் கருவி தேவையில்லாத கூட்டுப் பயிற்சிகள் அங்கே இன்னும் வசதியாக இருந்தன. கொள்கைக்காக மட்டுமே அவர்கள் கூட்டுப் பயிற்சியை விரும்பினார்கள் என்று எழுதுவதற்கு முன் கூரையின் உயரத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

1908-இன் பேரரசுச் சங்கச் சட்டம் இன்னொரு கத்தி. அரசியல் சங்கங்களில் 18 வயதுக்குக் கீழானவர்கள் சேரக் கூடாது என்றது அது. காவல்துறை தொழிலாளர் டுர்னர் சங்கங்களை 'அரசியல் சங்கம்' என்று வகைப்படுத்தி, இளைஞர்களை வெளியேற்றப் பார்த்தது. கெய்ஸரின், அதாவது பேரரசரின் பிறந்தநாளைக் கொண்டாடிய சங்கங்களோ அரசியலற்றவை என்றே கருதப்பட்டன. இந்தக் காலத்துத் தொழிலாளர் சங்கப் பட்டியலில் சிறுவர்கள் திடீரென்று குறைந்தால் ஆர்வம் குறைந்தது என்று எழுதிவிடாதீர்கள்; மாவட்ட ஆவணக் காப்பகத்தில் காவல்துறைக் கோப்பைத் தேடுங்கள்.

விழா நாட்காட்டி மிகச் சுத்தமான அடையாளம். செப்டம்பர் 2, அதாவது 1870-இல் ஸெடானில் பிரான்ஸை வென்ற நாள், ஜனவரி 27 இரண்டாம் வில்ஹெல்மின் பிறந்தநாள் என்று இருந்தால் ஒரு உலகம். மே 1, 1848 புரட்சியில் இறந்தவர்களுக்கான மார்ச் 18 என்றால் இன்னொரு உலகம்.

உறுப்பினர் பட்டியலை எண்ணும் முறை

இந்த வேலைக்குப் பொறுமை வேண்டும், ஆனால் ஊகத்துக்கும் சான்றுக்கும் நடுவே இருக்கும் பாலம் இதுதான்.

பட்டியல் சிறியதென்றால் முழுவதையும் எடுங்கள். பெரியதென்றால் ஒவ்வொரு ஐந்தாவது பெயராக எடுங்கள். அகர வரிசையில் முதல் நூறு பேரை மட்டும் எடுத்தால் அண்ணன் தம்பிகள் ஒன்றாகச் சேர்ந்து கணக்கைக் கெடுப்பார்கள். தொழிலை ஏழு பெட்டிகளில் போடுங்கள்: படிப்பால் வந்த தொழில் (மருத்துவர், ஆசிரியர், வழக்கறிஞர், மாணவர்); முதலாளி, பெருவணிகர்; சொந்தப் பட்டறை அல்லது கடை வைத்தவர்; அலுவலக ஊழியர், குமாஸ்தா; கூலிக்கு வேலை செய்யும் கைவினைஞர்; ஆலைத் தொழிலாளி, நாள்கூலி; தெரியாதவர். கடைசிப் பெட்டி ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால் சதவீதம் போடாதீர்கள், 'பெரும்பாலும்' என்று மட்டும் எழுதுங்கள்.

சறுக்கும் இடங்கள் மூன்று. 'ஷ்லோஸர்' என்றால் பூட்டு, இரும்பு வேலை செய்பவர். 1830-இல் அவர் பட்டறை வைத்தவராக இருக்கலாம், 1890-இல் இயந்திர ஆலையின் தொழிலாளியாக இருக்கலாம். 'மைஸ்டர்' என்ற சொல் ஒட்டியிருந்தால் பட்டறைக்காரர், 'கெஸெல்லெ' என்றிருந்தால் அவரிடம் கூலிக்கு இருப்பவர். இரண்டும் இல்லாவிட்டால் முகவரிப் புத்தகத்தில் தெருவைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். 'காவுஃப்மன்' என்றால் வணிகர் என்று அகராதி சொல்லும், ஆனால் வணிக அலுவலகக் குமாஸ்தாவும் தன்னை அப்படியே எழுதிக்கொண்டார். மூன்றாவது 'பெயாம்ட்டர்', அதாவது அரசு ஊழியர். அதில் ரயில்வே கேட் காவலரும் உண்டு, மாவட்ட ஆலோசகரும் உண்டு.

அடுத்து, நிர்வாகிகளைத் தனியாக எண்ணுங்கள். பயிற்சி செய்யும் உறுப்பினரையும், சந்தா மட்டும் கட்டும் உறுப்பினரையும் பிரியுங்கள். 14 முதல் 17 வயதுப் பையன்கள் 'ஸோக்லிங்' என்ற பெயரில், வாக்குரிமை இல்லாமல் இருப்பார்கள். அவர்களையும் தனியாக வையுங்கள். பல தேசியச் சங்கங்களில் இந்தப் பிரிப்புக்குப் பிறகு ஒரே மாதிரியான படம் கிடைக்கிறது. தலைமையில் ஆசிரியர்கள், மருத்துவர்கள், வணிகர்கள். பேரமைப்பின் நீண்ட காலத் தலைவர் ஃபெர்டினாண்ட் கோட்ஸே ஒரு மருத்துவர்தான். பாரில் ஏறுகிறவர்களில் பெரும்பகுதி கைவினைஞர்களும் தொழிலாளர்களும். 'தேசியச் சங்கம் முதலாளிகளுடையது, தொழிலாளர் சங்கம் தொழிலாளர்களுடையது' என்ற எளிய கோடு இங்கே உடைகிறது. 1893-க்குப் பிறகும் ஏராளமான தொழிலாளர்கள் நான்கு 'எஃப்' கொடியின் கீழேயே இருந்தார்கள். ஏன் இருந்தார்கள் என்பது நல்ல கேள்வி. நல்ல கருவிகள், ஊரில் மதிப்பு, மேற்பார்வையாளரோடு பழகும் வாய்ப்பு என்று அந்தந்த ஊரில்தான் பதில் கிடைக்கும்.

சேர்க்கை விதியையும் பாருங்கள். வெள்ளை, கறுப்பு உருண்டைகளால் இரகசியமாக வாக்களித்துப் புதியவரை ஏற்கும் முறை இருந்தால், காரணம் சொல்லாமலே ஒருவரை வெளியே நிறுத்த முடியும். விதிமுறையில் எந்தச் சாதியும் மதமும் வர்க்கமும் எழுதப்பட்டிருக்காது. எழுத வேண்டிய தேவையே இல்லை.

பயிற்சியின் வடிவத்தை உடலால் சோதியுங்கள்

இரண்டு முறைகளையும் செய்து பார்த்தால் காகிதத்தில் தெரியாதது தெரியும். முதலில் யான் முறை. பத்துப் பேர் ஒரு குழு, ஜெர்மனில் 'ரீகெ'; முன்னே நின்று செய்துகாட்டுபவர் ஒருவர். பாரலல் பாரில் கைகளை ஊன்றி உடலைத் தாங்கி, கால்களை முன்னும் பின்னும் மூன்று முறை ஊசலாட்டி, பின் ஊசலில் பக்கவாட்டில் தாண்டி இறங்குங்கள். தோளைக் காதுவரை ஏறவிடாமல் கீழே அழுத்தி வைக்க வேண்டும். தோள் தளர்ந்தால் மூட்டு வலிக்கும். புதியவர் என்றால் ஊன்றி நிற்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒருவர் செய்யும்போது ஒன்பது பேர் பார்க்கிறார்கள். துணிவு, வெட்கம், கேலி, பாராட்டு எல்லாம் தனி ஆள் மீது விழுகின்றன. உங்களைவிட ஏழையான ஒருவர் உங்களைவிட நன்றாகச் செய்வதை மறைக்க முடியாது.

அடுத்து அடோல்ஃப் ஷ்பீஸ் 1840-களில் பள்ளிக்காக வகுத்த முறை. நாற்பது பேர், நான்கு வரிசை, கை நீட்டினால் தொடாத இடைவெளி. கருவி இல்லை. ஆசிரியர் முதலில் அசைவைச் சொல்வார், ஒரு கணம் நிறுத்துவார், பிறகு செயல்சொல் கொடுப்பார். எட்டு எண்ணிக்கைக்கு எல்லாரும் ஒன்றாக. அந்த ஒரு கண நிறுத்தத்தைக் கவனியுங்கள். அதில் உடல் முழுவதும் வேறொருவரின் குரலுக்காகக் காத்திருக்கிறது. முந்திக்கொண்டால் தவறு, பிந்தினாலும் தவறு, சிறப்பாகச் செய்யவோ இடமே இல்லை. முதல் முறை திறமையால் வரிசைப்படும் ஆணை உருவாக்கியது, இரண்டாவது முறை கட்டளைக்கு அசையும் ஆணை. தடை நீங்கிய பிறகு அரசுப் பள்ளிகளுக்கு ஷ்பீஸ் ஏன் பிடித்துப்போனார் என்பது பத்து நிமிடத்தில் உங்கள் தோளுக்குப் புரிந்துவிடும்.

கருவியே அரசியலானதும் உண்டு. பெர்லினில் ராணுவ, பள்ளிப் பயிற்சியாளர்களை உருவாக்கிய மையத்தின் தலைவர் ஹூகோ ரோட்ஷ்டைன், ஸ்வீடனில் லிங் என்பவர் வகுத்த உடற்பயிற்சி முறையை ஆதரித்தவர். பாரலல் பார் உடலுக்குக் கேடு என்று சொல்லி அதை நீக்க முயன்றார். 1860 முதல் சுமார் மூன்று ஆண்டுகள் பெரும் சண்டை. உடலியலாளர் எமில் டு புவா-ரேமோன், மருத்துவர் ருடால்ஃப் ஃபிர்ஷோ போன்றவர்கள் பாருக்காகப் பேசினார்கள். ரோட்ஷ்டைன் தோற்று விலகினார். இந்தச் சண்டையின் ஆவணங்களில் தோள்மூட்டு பற்றிய மருத்துவ வரிகளும், எந்தப் பயிற்சி 'ஜெர்மானியமானது' என்ற வரிகளும் ஒரே பக்கத்தில் கலந்து வரும். இரண்டு நிற மையால் பிரித்து அடிக்கோடிடுங்கள். எந்த வாதம் எப்போது இன்னொன்றின் உடையை அணிகிறது என்பது தெரியும்.

எதிராள் யார் என்று தேடுங்கள்

ஆண்மை பற்றிய எந்த எழுத்திலும் 'ஆண் எப்படி இருக்க வேண்டும்' என்ற வரிகளைவிட 'எப்படி இருக்கக் கூடாது' என்ற வரிகள் துல்லியமானவை. ஒரு தாளில் இரண்டு பத்தி போட்டு, புகழ்ச்சொற்களையும் வசைச்சொற்களையும் தனித்தனியே எழுதுங்கள்.

குட்ஸ்மூட்ஸிடம் வசை விழுவது செல்லமாக வளர்த்துக் கெடுக்கப்பட்ட உடலின் மீது. யானிடம் அது மென்மை, பிரெஞ்சு நாகரிகம் ஆகியவற்றின் மீது; யூதர்கள் மீதும் விழுகிறது. அவரைச் சமத்துவவாதியாக மட்டும் காட்டுவதும் தவறு, 1933-க்கு நேர்கோடு போடுவதும் தவறு. 'நீ' என்று அழைக்கச் சொன்னவரும், அந்நியரை வெறுக்கக் கற்றுக்கொடுத்தவரும் ஒரே ஆள். இரண்டையும் ஒன்றாக எழுத வேண்டும்.

1898-இல் ஷ்டுட்கார்ட்டைச் சேர்ந்த உடற்பயிற்சி ஆசிரியர் கார்ல் பிளாங்க் கால்பந்தைத் தாக்கி ஒரு பிரசுரம் வெளியிட்டார். உதைக்கும் உடல் குனிந்து கூனி, குரங்கு போலாகிறது என்பது அவர் குற்றச்சாட்டு. நிமிர்ந்த முதுகுதான் அவருக்கு ஆண்மை. அப்போது கால்பந்து ஆடியவர்களோ பெரும்பாலும் பள்ளி மாணவர்களும் நகரத்துக் குமாஸ்தாக்களும். இன்று தொழிலாளர் ஆட்டம் என்று நினைக்கப்படும் கால்பந்து ஜெர்மனியில் அப்படித் தொடங்கவில்லை. எட்டு மணி நேர வேலை நாள் வந்த பிறகே ஆலைத் தொழிலாளர்கள் பெருமளவில் மைதானத்துக்கு வர முடிந்தது. அலுவலக ஆண் வீட்டு அறையில் தினமும் பதினைந்து நிமிடம் செய்யும் டேனிஷ் முறையை, ஜே. பி. முல்லர் எழுதியதை, கையில் எடுத்ததும் இதே காலம். கியோனிக்ஸ்பெர்கில் பிறந்த ஒயிகன் ஸாண்டோ, தசையையே பார்வைப் பொருளாக்கிப் புகழ்பெற்றார். 1900-களின் நடுவில் இந்தியாவுக்கும் வந்தார். இந்த ஆண்களுக்குச் சங்கமே தேவைப்படவில்லை, கண்ணாடி போதும்.

மேல்தட்டு மாணவர் சங்கங்களில் வாள்சண்டை. 'மென்ஸூர்' என்றால் அளவு. இருவரும் அளந்த தூரத்தில் கால் நகர்த்தாமல் நின்று, கண், கழுத்து, கை, உடல் ஆகியவற்றை மூடிக்கொண்டு, முகத்தை வெட்டுக்குத் திறந்து வைக்க வேண்டும். வெல்வது முக்கியமில்லை, பின்வாங்காமல் நிற்பதுதான் தேர்வு. கன்னத்துத் தழும்பு, 'இவன் மானத்துக்கு வாளெடுக்கத் தகுதியுள்ள வகுப்பு' என்று வாழ்நாள் முழுக்கப் பேசும். பட்டறைக்காரருக்கோ தொழிலாளிக்கோ அந்தத் தகுதியே தரப்படவில்லை. உயர்நிலைப் படிப்பு முடித்தவர் சொந்தச் செலவில் ஓராண்டு மட்டும் ராணுவத்தில் இருந்து, பிறகு ரிசர்வ் அதிகாரியாகலாம் என்ற விதியும் சேர்ந்தபோது, ஆண்மைக்கு ஒரு பட்டப்படிப்புச் சான்றிதழே உருவாகிவிட்டது.

தொழிலாளர் இயக்கத்தின் எழுத்தில் எதிராள், பீர்க் கோப்பையோடு தேசபக்தி முழங்குபவர். சாதனைப் பித்தும் அங்கே வசை. இயந்திரத்தின் முன் ஒரே அசைவைச் செய்து கோணிப்போன உடலை மீட்பதுதான் அவர்கள் சொன்ன நோக்கம். 1925-இல் ஃபிராங்ஃபுர்ட்டில் நடந்த தொழிலாளர் ஒலிம்பிக்கில் நாட்டுக்கொடிகளுக்குப் பதிலாகச் செங்கொடி. ஆனாலும் வலிமை, நிமிர்வு, ஒழுங்கு என்ற புகழ்ச்சொற்களை அவர்களும் மாற்றவில்லை. இரண்டு முகாம்களின் புகழ்ப் பத்திகளையும் அருகருகே வைத்தால் பாதிக்கு மேல் ஒன்றாகவே இருக்கும். இதே சொற்களை 1898-இல் பாஸலில் சியோனிஸ்ட் தலைவர் மக்ஸ் நோர்டாவ் 'தசை யூதம்' என்று எடுத்துப் பேசினார். அதே ஆண்டு பெர்லினில் பார் கோஹ்பா என்ற யூத டுர்னர் சங்கம் உருவானது. வெளியே தள்ளப்பட்டவர்களும் அந்த ஆண்மையின் அளவுகோலை ஏற்றுக்கொண்டுதான் தங்களை நிரூபிக்க வேண்டியிருந்தது.

புகைப்படம்

சுருக்கமாக: கொடியில் உள்ள எழுத்து, நடுவில் அமர்ந்திருப்பவரின் உடை (அவர் மட்டும் கோட்டு அணிந்திருந்தால் பயிற்சி செய்யாத நிர்வாகி), முன்வரிசைச் சிறுவர்கள், பின்சுவர் (பள்ளியா, மதுக்கடையா), பெண்கள் எங்கே நிற்கிறார்கள், இந்த ஐந்தையும் குறியுங்கள். மனிதக் கோபுரங்கள் எல்லா முகாமிலும் உண்டு. அவற்றை வைத்து வர்க்கத்தைச் சொல்ல முடியாது. படத்தின் பின்புறத்தைப் பார்க்காமல் விடாதீர்கள், பெயரும் ஊரும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

1933-ஐக் கடக்கும்போது

விழா மலர்கள் பலவற்றில் 1932-க்கு அடுத்த பத்தி 1945-இல் தொடங்கும். நடுவில் இருப்பதை நீங்கள்தான் தேட வேண்டும். கூட்டக் குறிப்புகளில் 'தலைவர்' என்று வந்த இடத்தில் 'ஃபெராய்ன்ஸ்ஃப்யூரர்' என்ற சொல் எந்தத் தேதியில் நுழைகிறது என்று பாருங்கள். சங்கத்தில் கொள்கைப் பயிற்சி தரும் 'டீட்வார்ட்' என்ற பதவி தோன்றினால் அது இன்னொரு குறி. தொழிலாளர் சங்கம் என்றால் குறிப்பேடே நின்றுவிடும். அவை கலைக்கப்பட்டு, மண்டபமும் கருவியும் பறிக்கப்பட்டன. அந்தக் கருவிகள் எந்தச் சங்கத்தின் சொத்துப் பட்டியலில் மறுபடி தோன்றுகின்றன என்பதைத் தேடுவது பலன் தரும்.

தேசியப் பேரமைப்பு, எட்முண்ட் நொயென்டார்ஃப் தலைமையில், 1933-இல் யூத உறுப்பினர்களைத் தானே விலக்கியது. ஆகவே 1932, 1934 ஆகிய இரண்டு ஆண்டுப் பட்டியல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காணாமல் போன பெயர்களைக் குறியுங்கள். இறப்பு, இடமாற்றம் ஆகியவற்றை முகவரிப் புத்தகத்தால் கழித்தபின் எஞ்சும் பெயர்களை ஊரின் யூத சமூகப் பதிவுகளோடு ஒப்பிடுங்கள்.

அப்படி விலக வேண்டியிருந்தவர்களில் ஒருவர் ஆல்ஃபிரெட் ஃபிளாடோ. 1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் பாரலல் பாரில் தங்கம் வென்றவர் அவர். அந்தப் பயணத்தையே பேரமைப்பு அப்போது எதிர்த்தது. அவரோடு அதே அணியில் தங்கம் வென்றவர் அவருடைய உறவினர் குஸ்டாஃப் ஃபெலிக்ஸ் ஃபிளாடோ. ஆல்ஃபிரெட் 1942-இலும், குஸ்டாஃப் 1945-இலும் டெரேஸியன்ஷ்டாட் நாஜி முகாமில் இறந்தார்கள். பெர்லின் ஒலிம்பிக் அரங்கத்துக்குப் போகும் சாலைகளில் ஒன்றுக்கு 1997-இல் ஃபிளாடோ பெயர் வைக்கப்பட்டது.